ரோமிங்கில் ‘ஸ்லைஸ்’ கூடவே வருமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

5ஜி நெட்வொர்க்கில் தனிக் கட்டணத்துக்குத் தனித் தடம் ஒதுக்கித் தரும் ‘நெட்வொர்க் ஸ்லைசிங்’ சேவை பல நாடுகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. நாட்டின் எல்லையைத் தாண்டியதும் அந்தத் தடம் என்னவாகிறது?

ஸ்லைஸ் என்றால் தனி டவரா?

இல்லை. டவரும் கேபிளும் ஒன்றேதான். மென்பொருளைக் கொண்டு ஒரே நெட்வொர்க்கைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரத்தை உறுதி செய்கிறார்கள். 2023 மே மாதம் லண்டனில் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா நடந்தபோது, ஐடிஎன் செய்தி நிறுவனம் வோடஃபோனின் தனி ஸ்லைஸ் வழியாக நேரலைக் காட்சிகளை அனுப்பியது. தெரு நிறைய ஜனம் செல்ஃபி அனுப்பிக்கொண்டிருந்தாலும் கேமராவுக்கு ஒதுக்கிய இடத்தில் யாரும் கைவைக்க முடியாது.

இதற்கு நெட்வொர்க்கின் மையமும் 5ஜியாக இருக்க வேண்டும். 4ஜி மையத்தின் மேல் 5ஜி டவரை ஏற்றிவைத்தால் போதாது. இந்தியாவில் 2022-ல் 5ஜி வந்தபோது ஜியோ தனித்த 5ஜி மையத்தோடு தொடங்கியது; ஏர்டெல் 4ஜி மையத்தை வைத்தே தொடங்கியது. ரோமிங்கில் நிலைமை இன்னும் பின்தங்கியது. உலகில் பெரும்பாலான ரோமிங் இணைப்புகள் இன்றும் 4ஜி மையம் வழியாகத்தான் நடக்கின்றன.

இரு பக்கமும் முழு 5ஜி இருந்தால்?

அப்போதும் தானாக வராது. ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 3ஜிபிபி என்ற சர்வதேசத் தர அமைப்பு சில எண்களை உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்திருக்கிறது: 1 என்றால் அதிவேக டேட்டா, 2 என்றால் மிகக் குறைந்த தாமதம், 3 என்றால் மீட்டர், சென்சார் போன்ற கருவிகள், 4 என்றால் வாகனங்கள். 128 முதல் 255 வரையிலான எண்களை நிறுவனங்கள் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். சிக்கல் இங்கேதான். ஒரு நிறுவனம் மருத்துவமனைகளுக்கு வைத்த 130, பக்கத்து நாட்டு நிறுவனத்தில் வேறு எதையாவது குறிக்கலாம், எதையுமே குறிக்காமலும் இருக்கலாம். ‘உங்கள் 130 எங்களிடம் இன்ன எண்’ என்று இரு நிறுவனங்களும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். அப்படிப் பேசாதவரை, பொதுவாகச் சாதாரண டேட்டாதான் கிடைக்கும்.

எண் பொருந்திவிட்டால் அதே தரம் கிடைக்குமா?

டேட்டா எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. ரோமிங்கில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டேட்டா முழுவதும் நீங்கள் சிம் வாங்கிய தாய் நிறுவனத்துக்குப் போய் அங்கிருந்து இணையத்துக்குள் நுழைவது. மற்றது, போன நாட்டிலேயே நேராக இணையத்தில் சேர்வது. நடைமுறையில் அதிகம் இருப்பது முதல் வழி. பில்லும் கட்டுப்பாடும் தாய் நிறுவனத்தின் கையில் இருக்கும் என்பதே காரணம்.

ஒரு கணக்குப் போடலாம். உங்கள் நிறுவனத்தின் இணைய வாயில் சென்னையில் இருக்கிறது. நீங்கள் லண்டனில் நின்று லண்டன் சர்வரையே கேட்கிறீர்கள். சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 8,200 கி.மீ. கேள்வி சென்னை போய்த் திரும்பும், பதிலும் அப்படியே. ஆக நான்கு நடை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். நான்கு நடைக்கும் குறைந்தது 160 மில்லி விநாடி பிடிக்கும். சில மில்லி விநாடியில் பதில் தருவதாகச் சொல்லி விற்ற ஸ்லைஸ் இங்கே வெறும் காகிதம்தான். எந்த நிறுவனமும் இதை விளம்பரத்தில் போடுவதில்லை.

ஓடும் கார் எல்லையைக் கடந்தால்?

ஐரோப்பா பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய விஷயம் இது. பிரான்சின் மெட்ஸ், ஜெர்மனியின் மெர்ஸிக், லக்சம்பர்க் ஆகியவற்றை இணைக்கும் சாலைகளிலும், பொலோனாவிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக மியூனிக் செல்லும் பாதையிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் சோதனைகள் நடந்தன. சாதாரண ரோமிங்கில் பழைய சிக்னல் அறவே போன பிறகுதான் போன் புதியதைத் தேடும். பயணிக்கு அது சின்ன எரிச்சல். டவரை நம்பி ஓடும் வாகனத்துக்கு ஆபத்து. தொடர்பு அறுபடாமல் இருக்க, இரு நிறுவனங்களின் மையங்களும் நேரடியாகப் பேசி வாகனத்தைக் கைமாற்றிவிட வேண்டும். அதே ஸ்லைஸ் அந்தப் பக்கமும் தயாராக இருக்க வேண்டும்.

தரம் குறைந்தால் யாரைக் கேட்பது?

என் பார்வையில் தொழில்நுட்பத்தைவிடப் பெரிய முடிச்சு இதுதான். பணம் வாங்குவது தாய் நிறுவனம், டவர் மற்றவருடையது. அந்த டவரில் எவ்வளவு நெரிசல் என்று பணம் வாங்கியவருக்குத் தெரியாது. ஸ்லைஸின் தன்மைகளை எல்லோரும் ஒரே மாதிரி எழுதிக்கொள்ள, மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ பொதுப் படிவம் ஒன்றைத் தந்திருக்கிறது. படிவம் நல்லதுதான், ஆனால் மீறினால் யார் எவ்வளவு நஷ்டஈடு தருவது என்பதை இரு நிறுவனங்களும் ஒப்பந்தத்தில்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு?

பழைய தலைமுறைகளைவிடப் பரவாயில்லை. 5ஜியில் ஒவ்வொரு நெட்வொர்க்கின் எல்லையிலும் காவல் மென்பொருள் ஒன்று நின்று, நிறுவனங்களுக்கிடையே போகும் கட்டளைகளைக் காக்கிறது.

வெளிநாடு போகுமுன் நான் என்ன செய்ய வேண்டும்?

சாதாரண பயணி ஒன்றும் செய்ய வேண்டாம். வழக்கமான ரோமிங் பேக் போதும். ஸ்லைஸை விலைக்கு வாங்கும் நிறுவனங்கள், எந்தெந்த நாட்டில், எந்த நெட்வொர்க்கில் அது செல்லும், டேட்டா எந்த ஊரில் இணையத்தில் சேரும் என்று பெயர் குறிப்பிட்டு எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடலாம்.