ஒரே அடியில் குணமாவது சினிமாவில்தான்!

“அய்யா... பையனுக்குப் பெரிசா ஒரு அதிர்ச்சி குடுத்துப் பார்ப்பமா?”

மார்க்கையன்கோட்டையில் என் வைத்தியசாலைத் திண்ணையில் உட்கார்ந்து இப்படிக் கேட்டவர் ஒரு தாய்மாமன். பக்கத்தில் அவருடைய அக்கா. அக்காவை ஒட்டினாற்போல் 22 வயதுப் பையன். 2011-ஆம் வருஷம், முதல் போக நடவு முடிந்திருந்த நேரம்.

பையன் கல்லூரிக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குளிப்பதில்லை. ராத்திரி தூக்கமில்லை. தெருவில் யார் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பான். ஆளில்லாத மூலையைப் பார்த்துச் சிரிப்பான். அதற்குள் இரண்டு கோயில், ஒரு கோடாங்கி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கோடாங்கியின் பிரம்படித் தழும்பு முதுகில் இருந்தது.

“சினிமாவுல பார்க்குறமேய்யா... தலையில ஒரு அடி பட்டா புத்தி பேதலிக்குது, இன்னொரு அடி பட்டா திரும்பிருது. ‘சந்திரமுகி’யில கூட ஒரே ராத்திரியில சரியாயிருச்சே!” என்றார் மாமன்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனநோய் பற்றி நம்மில் பலருக்கும் தெரிந்ததெல்லாம் சினிமா சொல்லிக் கொடுத்ததுதானே? பள்ளிக்கூடத்திலா சொல்லிக் கொடுத்தார்கள்?

எங்கள் ஆள் செய்த வைத்தியம்

‘மூன்றாம் பிறை’ (1982) படத்தை மறக்க முடியுமா? பாலுமகேந்திரா எடுத்தது. கார் விபத்தில் பழைய நினைவுகளை இழந்து குழந்தையாகவே மாறிவிடும் பெண்ணாக ஸ்ரீதேவி. அவளைக் காப்பாற்றி வளர்க்கும் வாத்தியாராகக் கமல்ஹாசன். கடைசியில் அவளைக் குணப்படுத்துவது யார் தெரியுமா? ஒரு நாட்டு வைத்தியர். எங்கள் ஆள்! பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமல்ல. “அந்தப் படத்துல வர்ற மாதிரி ஒரு மருந்து குடுங்கய்யா” என்று கேட்டு வந்தவர்களே உண்டு.

உண்மையில் தலைக் காயத்தில் நினைவு தவறுவது வேறு விதம். பெரும்பாலும் விபத்துக்குச் சற்று முன்பும் பின்பும் நடந்ததுதான் மறந்துபோகும். புதிதாகக் கேட்பதை மனதில் நிறுத்திக்கொள்ளச் சிரமப்படுவார்கள். பெயர், ஊர், வயது எல்லாம் மறந்து குழந்தையாகிவிடுவது கதைக்குத்தான் வசதி. நினைவு மெல்ல மெல்லத்தான் தெளியும். இரண்டாவது அடி விழுந்தால் மூளை இன்னும் கெடும், தெளியாது.

ஆனாலும் அந்தக் கடைசிக் காட்சியை நான் மதிக்கிறேன். கேத்தி ரயில் நிலையத்தில் கமல் குட்டிக்கரணம் போட்டுக் குரங்கு சேஷ்டை செய்து காட்டுகிறார். குணமாகிவிட்ட பெண்ணோ, யாரோ பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொள்கிறாள். முன்கதை தெரிந்த நமக்குக் கண்ணீர் வருகிறது. தெரியாத அவளுக்கு அவன் பைத்தியம். தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும்.

‘குணா’ (1991) வந்தபோது நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மாணவன். அதே தீபாவளிக்கு ‘தளபதி’யும் ரிலீஸ். ஹாஸ்டலே ‘தளபதி’க்குக் கிளம்பியது. நாங்கள் நாலு பேர் மட்டும் ‘குணா’வுக்குப் போனோம். தான் தெய்வப்பிறவி, தன்னைத் தேடி அபிராமி வருவாள் என்று நம்புகிறவனின் கதை. யார் எத்தனை சொன்னாலும் அந்த நம்பிக்கை அசையாது. இதைத்தான் மருத்துவத்தில் பிறழ்நம்பிக்கை என்கிறோம். வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லடா” என்று ஆயிரம் தடவை சொல்லிக் களைத்துப்போன தாய்மார்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிச் சண்டை வீட்டில் குறையும்.

சங்கிலி

‘சேது’ (1999) எங்கள் தேனி மாவட்டத்துக்காரர் பாலா எடுத்த முதல் படம். (இந்த மூன்று படத்துக்கும் இசை பண்ணைப்புரத்து இளையராஜா என்பதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தனிச் சந்தோஷம்!) தலையில் அடிபட்ட விக்ரமை மடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். மொட்டைத் தலை, காலில் சங்கிலி. தியேட்டரில் அழாத ஆளில்லை.

அழுதோம், துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டுப்போன பிள்ளைகள் அவர்கள். சினிமாவில் பார்த்த சங்கிலி நிஜம் என்று அன்றைக்குத்தான் நாட்டுக்கே உறைத்தது. இப்போது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது அடியோடு தடை செய்யப்பட்டிருக்கிறது.

2005-இல் ‘சந்திரமுகி’யும் ‘அந்நியன்’ படமும் அடுத்தடுத்து வந்தன. இரண்டிலும் ஓர் ஆளுக்குள் வேறு ஆள். அறிவியல்படி பார்த்தால் குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் ‘சந்திரமுகி’க்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். இது பேயில்லை, வியாதி என்று ரஜினிகாந்த் வாயால் சொன்னதை, நான் நூறு தடவை சொன்னாலும் கேட்காத வீடுகள் கேட்டன. கெடுதல் எங்கே என்றால், அந்த ஒரே ராத்திரி வைத்தியத்தில்.

‘3’ (2012) படத்தில் தனுஷுக்கு இருமுனைக் கோளாறு. அளவுமீறிய கொந்தளிப்பு, அளவுமீறிய சோர்வு என்று மாறி மாறி வரும் நோய். படத்தில் என்னை உறுத்தியது அவன் அதைப் பொண்டாட்டியிடம் மறைப்பது. இங்கேயும் அதுதான் நடக்கிறது. “பொண்ணு வீட்டுக்காரக பார்க்க வர்றாக, மாத்திரையை நிப்பாட்டிரலாமாய்யா?” என்று கேட்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பும் அபாயம் உண்டு. கூட்டவோ குறைக்கவோ எழுதிக்கொடுத்த டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

என் தப்பு

மாமன் கேட்ட அதிர்ச்சி வைத்தியத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. ஆனால் நானும் ஒரு தப்புப் பண்ணினேன்.

சித்த மருத்துவத்தில் மனநோய்களுக்குக் ‘கிரிகை’ என்று பெயர். அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் 18 வகை சொல்கிறது. வாத, பித்த, கபம் பார்த்து எண்ணெய் முழுக்கு, நசியம், நெய் மருந்து, பத்தியம் என்று மண்டலக் கணக்கில் போகும். பையனுக்கு அப்படித்தான் ஆரம்பித்தேன். தூக்கம் கொஞ்சம் வந்தது. எனக்கு ஒரே பெருமை! நாலு மாதம் என் கையிலேயே வைத்துக்கொண்டேன். ஐந்தாம் மாதம், சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் தேனி க.விலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

“எத்தனை நாளா இப்படி?” என்று மனநல மருத்துவர் கேட்டார். கூட்டிப் பார்த்தோம். ஏறக்குறைய இரண்டு வருஷம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார். அதில் நாலு மாதம் என்னுடையது.

அது மனச்சிதைவு நோய். உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீக்கிரம் சிகிச்சை ஆரம்பித்தால் தேறும் வாய்ப்பு கூடும். அந்த மாத்திரையும் ஒரே ராத்திரியில் வேலை செய்யாது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இப்போதெல்லாம் இப்படி யார் வந்தாலும் முதல் வாரமே அனுப்பிவிடுகிறேன். எண்ணெய்க் குளியல், உணவு என்று துணைக்கு நான் சொல்வதையும் அந்த டாக்டருக்குத் தெரியப்படுத்திவிட்டுத்தான் செய்கிறேன்.

சினிமாவில் வராத நோயாளிகள்தான் அதிகம். 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது தெரியவந்தது. சட்டையைக் கிழிப்பதில்லை, கத்துவதில்லை. விடிகாலை மூணு மணிக்கு விழித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருப்பார்கள். குழம்பில் உப்புப் போட்டோமா என்று நினைவிருக்காது. பேரப்பிள்ளை வந்தாலும் சிரிப்பு வராது. இதை வைத்து யார் படம் எடுப்பார்கள்? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். “செத்துப் போயிரலாம்போல இருக்கு” என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், ஆளைத் தனியே விடவும் வேண்டாம். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையன் இப்போது சின்னமனூரில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறான். மாத்திரை தொடர்கிறது. அம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம் வாங்க மாதம் ஒரு தடவை வருவான். போன மாதம் அந்த அம்மாவும் கூட வந்திருந்தார். “டிவியில ‘சேது’ போட்டாய்ங்கய்யா. நான் பதறிப்போயி மாத்தப் போனேன்” என்றார்.

“நான்தான் வேணாம்னேன்” என்றான் அவன், தைல பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டே. “விக்ரம் நல்லா நடிச்சிருந்தாருய்யா.”