குஞ்சு காக்கும் விராலுக்குச் சட்டத்தின் காவல்

காவிரி கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர்களில் ஒன்று, காரைக்கால் மாவட்டம் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சுரக்குடி. இந்தக் கடைமடையில் மெதுவாக நகரும் ஆறும் வாய்க்காலும் விராலுக்குப் பிடித்த இடங்கள். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் கலங்கல் நீரிலும் அது வாழும். கோடையில் ஈரச் சேற்றுக்குள் புதைந்தும் பிழைக்கும்.

அப்படிப்பட்ட மீனும் மழைக்காலத்தில் எளிதில் சிக்கிவிடுகிறது. கரையோரப் புல் பூண்டுகளுக்கு நடுவே முட்டையிட்டு, பொரித்த செந்நிறக் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்தபடி தாய் தகப்பன் காவல் காக்கும். குஞ்சுக் கூட்டம் மேலே தெரிவதால் பெரிய விரால் இருக்கும் இடமும் தெரிந்துவிடும். அதைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

இதைவிடக் கொடியவை இரண்டு: பூச்சிமருந்து ஊற்றுவது, கரண்ட் வைப்பது. மருந்து குஞ்சு, நண்டு, நத்தை என எதையும் விடாது. அந்த மீன் சந்தைக்கு வந்தால் வாங்கிச் சாப்பிடுபவருக்கும் ஆபத்து. கம்பியிலிருந்து மின்சாரம் இழுப்பவர் மீனோடு தன் உயிரையும், ஆற்றில் இறங்கும் அடுத்தவர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நீர்நிலையில் நச்சுப்பொருள் கலப்பதை 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடுக்கிறது. மின்திருட்டுக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. விராலின் இடத்தைப் பறிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது.

தண்ணீரும் உரிமைதான். காவிரி நடுவர் மன்றம் 2007இல் காரைக்காலுக்கு ஒதுக்கிய 7 டிஎம்சியை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அந்த நீர் வராவிட்டால் பயிரோடு மீனும் பாதிக்கப்படும்.

மீன்கள் திடீரெனச் செத்து மிதந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். அவற்றை எடுத்துச் சமைக்காதீர்கள். இடமும் நேரமும் தெரியப் படம் எடுத்து, மீன்வளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். கரண்ட் வைப்பதைக் கண்டால் உடனே 112ஐ அழையுங்கள். புகார் என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

வரும் மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால், அந்த இடத்தில் வலையோ தூண்டிலோ போடாதீர்கள்.