வயிற்றில் நீர் கோத்தல்: காரணம் காணும் முறை

யானைக்கால் நோயை ஐரோப்பியர் ஒருகாலத்தில் ‘கொச்சிக் கால்’ என்றே வழங்கினர். மட்டாஞ்சேரி போன்ற நெருங்கிய பகுதிகளின் சாக்கடைகளில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அந்நோயைப் பரப்புவது. ஆகவே அங்கு வீக்கம் என்றவுடன் யானைக்காலை நினைப்பது இயல்பே. ஆனால் வயிற்றில் நீர் கோத்திருப்பின் அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தாது. நிணநீர்க் குழாய்கள் சிதைந்து வயிற்றில் பால் போன்ற நீர் சேர்வது மிக அரிது. மகோதரம் எனப்படும் இந்நிலைக்குக் கல்லீரல் சுருக்கமே முதன்மையான காரணம். எனினும் காசம், இருதயத் தளர்ச்சி, புற்று ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். மது அருந்துபவர் என்பதைக் கொண்டே கல்லீரல் நோய் என முடிவு செய்தால், குணப்படுத்தக்கூடிய வயிற்றுக் காசம் கண்ணிற்படாமல் போகும்.

இவற்றைப் பிரித்தறிய ஊசியால் சிறிது நீர் எடுத்து, அன்றே இரத்தமும் எடுத்து, இரண்டிலும் உள்ள ஆல்புமின் என்னும் புரதத்தை அளக்கின்றனர். தழும்பேறிய கல்லீரலில் இரத்தம் எளிதிற் செல்லாமையால் போர்ட்டல் சிரையில் அழுத்தம் மிகுகிறது. அழுத்தத்தால் நீர் கசிந்தாலும் ஆல்புமின் பெரும்பகுதி இரத்தத்திலேயே தங்கிவிடும். காசத்திலும் வயிற்றுச் சவ்வில் பரவிய புற்றிலுமோ, அழன்ற சவ்வின் வழியே ஆல்புமினும் கசிகிறது. எனவே 100 கன சென்டிமீட்டருக்கு வேறுபாடு 1.1 கிராம் அல்லது மேற்பட்டால் அழுத்தமே காரணம். 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 901 மாதிரிகளை ரன்யன் குழுவினர் சோதித்தபோது, இம்முறை 100-க்கு 97 அளவில் சரியாக இருந்தது. நீரின் புரதத்தை மட்டும் பார்க்கும் பழைய முறை 56 அளவிலேயே நின்றது.

இருதயத் தளர்ச்சியிலும் வேறுபாடு மிகுதியே. ஆனால் அதில் நீரின் மொத்தப் புரதம் பெரும்பாலும் 2.5 கிராமைத் தாண்டும். கல்லீரல் சுருக்கமும் காசமும் ஒருவரிடமே கூடினால் 1.1 என்ற எல்லையை மட்டும் நம்பலாகாது. நீரில் லிம்ஃபோசைட் அணுக்கள் மிகுந்திருந்தால் காசத்தைத் தேட வேண்டும். நியூட்ரோஃபில் அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது மேற்பட்டிருந்தால் நீரில் கிருமி புகுந்ததாகக் கொண்டு, வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவர். காய்ச்சல் இல்லாமலும் இது நேரும்.

களப்பணியாளர் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து விலாப்புறத்தைத் தட்டிப் பார்க்கலாம். மந்த ஒலி கேட்டு, ஒருக்களித்தவுடன் அது இடம் மாறினால் நீர் உண்டு; ஆனால் சுமார் ஒன்றரை லிட்டர் சேர்ந்த பின்னரே இது புலப்படும். காய்ச்சல், வயிற்றுவலி, இரத்த வாந்தி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஒன்று கூடினும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. கல்லீரல் நோயாளிக்குக் கருவாடும் ஊறுகாயும் ஆகா. கடையில் தாமே வாங்கி உண்ணும் வலிமாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.