காரைக்கால்: ஆறும் அரசும்

பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான், தாம் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், காரைக்காலை வணிகர் செழித்து வாழ்ந்த கடற்கரை நகராகக் காட்டுகின்றார். காரைக்காலம்மையார் பிறந்த பதியென்று நாம் போற்றும் அவ்வூரே பிற்காலத்திற் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதன் ஆற்றையும் அரசையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி அந்நகரின் வரலாறு நன்கு விளங்காது.

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில், காவிரிப் படுகையின் கீழைக் கோடியில் அமைந்துள்ளது காரைக்கால். காவிரியினின்று பிரிந்து, கும்பகோணத்திற்குத் தென்புறமாக ஓடிவரும் அரிசிலாறு இங்கே கடலோடு கலக்கின்றது. அரசலாறு என்பதும் இதுவே. ஆறு கொணர்ந்த வண்டல் வயலுக்கு வளந்தந்தது. ஆற்றின் முகத்துவாரம் வாணிகத்திற்கு வாயிலாயிற்று.

அவ்வாயிலையே பிரெஞ்சுக்காரர் விரும்பினர். 1738-ஆம் ஆண்டில் தஞ்சை அரியணைக்குப் போட்டி எழுந்தபோது, சாகுஜி மன்னர் பிரெஞ்சுக்காரரின் உதவியை நாடி, அதற்கு ஈடாகக் காரைக்காலைத் தர இசைந்தார். காரியம் கைகூடிய பின்னரோ தயங்கினார். அதுகண்ட சந்தா சாகிப் தம் படையால் அவ்வூரைக் கைப்பற்றி, 1739-இல் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்புவித்தார். 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கவர்ந்தனர். பின்னர்ப் பன்முறை கைமாறி, 1817-இல் மீண்டும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் வந்தது. இம்மாற்றங்களுள் ஒன்றிலேனும் ஊராரின் கருத்தைக் கேட்டாரில்லை.

19-ஆம் நூற்றாண்டில் அம்முகத்துவாரம் வேறொரு காட்சியையும் கண்டது. ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் முதலிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலர் இங்கிருந்தே கப்பலேறினர். நெல் விளையும் நாட்டிற் பிறந்தும் வயிற்றுக்காகக் கடல் கடந்த அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவுகளில் வாழ்கின்றனர்.

1954 நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சு நிர்வாகம் முடிவுற்றது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான உரிமை மாற்றமும் நிறைவேறியது. ஆயினும், முன்னாளில் வேற்றரசர் வகுத்த எல்லை அழிந்திலது. காரைக்கால் இன்றும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சார்ந்ததே. அதனைச் சூழ்ந்த நிலமோ தமிழ்நாடு. ஆறு அவ்வெல்லையை அறியாது. உழவனோ அறிந்தே தீரவேண்டும். மேட்டூர் அணையினின்று விடப்படும் நீர், மேலுள்ள வயல்களையெல்லாம் கடந்தே இக்கடைமடைக்கு வந்து சேரவேண்டும். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கென 7 டி.எம்.சி., அஃதாவது 700 கோடி கன அடி நீரை வகுத்தது. உச்சநீதிமன்றமும் 2018-இல் அவ்வளவையே உறுதி செய்தது.

வரலாறு நூல்களோடு முடிந்துவிடுவதன்று. 1739-இல் அரசர்கள் செய்த பேரம், இன்று கடைமடை உழவனின் வாய்க்கால் கணக்கிலும் இடம்பெற்றிருக்கின்றது. நிலப்படத்தில் ஒரு கோட்டைக் காணுந்தோறும், அதன் இருபுறத்தும் வாழ்வோரை நினைத்தல் கற்றோர் கடனாகும்.