ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்தால்

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூரின் ஆஸ்டின் டவுனிலும் பக்கத்து விவேக் நகரிலும் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்களுக்குத் தூக்கம் குறைவு. வாட்ஸ்அப்பில் ஆர்டர், யூபிஐயில் பணம், நோட்டில் கணக்கு என்று மற்ற மாதங்களில் நிதானமாக ஓடும் தொழில், கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க ஓர் ஆளின் ஞாபகத்துக்குள் அடங்காமல் போகிறது. எத்தனை கிலோ, முட்டை சேர்த்ததா, முன்பணம் வந்ததா, எந்தத் தேதிக்கு என்பதில் ஒன்று மாறினாலும் பண்டிகை நாளில் ஒரு வீட்டில் கேக் இருக்காது.

அப்படி ஒரு சிறு தொழிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடிங் தெரியாமலே அதன் ஆர்டர் வேலையைத் தானாக நடக்க வைக்க இன்று பல கருவிகள் இருக்கின்றன: ஸாப்பியர், மேக், என்-எய்ட்-என், ஜோஹோ ஃப்ளோ. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சென்னை நிறுவனமான ஜோஹோ, 2006-லேயே கிரியேட்டர் என்ற கருவியைக் கொண்டுவந்துவிட்டது. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். ஓரிடத்தில் ஏதோ நடந்தால் இன்னோர் இடத்தில் ஏதோ நடக்க வேண்டும். வாடிக்கையாளர் கூகுள் ஃபார்மை நிரப்பினால் பேமென்ட் லிங்க் போகும். பணம் வந்தால் ஷீட்டில் ஒரு வரி சேரும். வரி சேர்ந்தால் 'உங்கள் ஆர்டர் உறுதி' என்று வாட்ஸ்அப் செய்தி போகும். இதை ஒரே மதியத்தில் கட்டி, இரண்டு ரூபாய் அனுப்பிச் சோதித்து, ஓடுகிறது என்று மகிழலாம். டிசம்பர் 20-ஆம் தேதி இரவும் அது அப்படியே ஓட வேண்டும் என்றால், கட்டுவதற்கு முன் ஒவ்வொரு படிக்கும் கேட்க வேண்டிய கேள்வி உண்டு: இது இரண்டு முறை நடந்தால் என்ன ஆகும், நடக்காமலே போனால் யாருக்குத் தெரியும்?

முதலில் இரண்டு முறை நடப்பதைப் பார்ப்போம். பணம் வந்த செய்தியைப் பணம் வாங்கித் தரும் நிறுவனம் உங்கள் கருவிக்கு அனுப்புகிறது. இதற்கு வெப்ஹூக் என்று பெயர். பெங்களூரில் இயங்கும் ரேஸர்பேயை எடுத்துக்கொண்டால், ஒரே செய்தி ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரலாம் என்று அவர்களுடைய கையேடே சொல்கிறது. காரணம் எளிது. செய்தி வந்து சேர்ந்ததற்கு உங்கள் பக்கமிருந்து 5 நொடிக்குள் பதில் போக வேண்டும். பதில் தாமதமானால், சேரவில்லை என்று கருதி மறுபடி அனுப்புவார்கள். 24 மணி நேரம் வரை இடைவெளி விட்டு விட்டு முயல்வார்கள். செய்தி ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்பதற்காகச் செய்யப்படும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் அதே ஏற்பாட்டால்தான் ஒருவர் கேட்ட ஒரு கிலோ ப்ளம் கேக், ஷீட்டில் இரண்டு வரியாக விழுந்து, அடுப்படியில் இரண்டு கேக்காக வெந்துவிடுகிறது.

இதற்கு மருந்து அடையாள எண். ஒவ்வொரு பணப்பரிமாற்றத்துக்கும் தனி எண் உண்டு, செய்திக்கும் தனி எண் உண்டு. ஷீட்டில் வரி சேர்ப்பதற்கு முன், இந்த பேமென்ட் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும் படி ஒன்றை வையுங்கள். இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பெயரையும் தொகையையும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் இருவர் ஒரே நாளில் ஒரே கேக்கைக் கேட்பார்கள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு செய்தியும் ஒரே நொடியில் வந்தால், இரண்டும் தேடிப் பார்த்து, இரண்டுமே 'இல்லை' என்று கண்டு, இரண்டுமே எழுதிவிடும். அதனால் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்தும்படி அமைக்க வேண்டும். மேக் கருவியின் அமைப்புகளில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது.

பணத்தின் அளவிலும் கவனம் தேவை. ரேஸர்பே தொகையைப் பைசாவில் அனுப்பும். 50000 என்று வந்தால் அது 500 ரூபாய். நூறால் வகுக்கும் படியை விட்டுவிட்டால், வாடிக்கையாளருக்குப் போகும் ரசீதில் ஐம்பதாயிரம் என்று இருக்கும்.

அடுத்தது தேதி. இந்த விஷயத்தில்தான் மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் பிழைகள் ஒளிந்திருக்கின்றன. வெளிநாட்டில் உருவான பல கருவிகளின் கடிகாரம், நீங்கள் மாற்றும்வரை, உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வந்த பணம், கருவியின் கணக்கில் மார்ச் 31 இரவு எட்டரை. நிதியாண்டே மாறிவிட்டது! ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்கு இது சின்ன விஷயம் இல்லை. சிஜிஎஸ்டி விதி 46-இன்படி ரசீது எண் தொடர் வரிசையில், ஒரு நிதியாண்டுக்குள் ஒருமுறை மட்டுமே வருவதாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். எனவே கருவியை நிறுவிய உடனே நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றுங்கள். ஷீட்டின் அமைப்பையும் இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 03/12 என்பதை டிசம்பர் 3 என்று நீங்களும் மார்ச் 12 என்று ஷீட்டும் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

வரவுக் கணக்கைச் சரியாக வைத்திருக்க இந்த ஊரில் அண்மையில் ஒரு வலுவான காரணமும் கிடைத்தது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவர் 20 லட்சம் ரூபாய் விற்றுமுதலைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பெங்களூரில் பல கடைகள் ஸ்கேனரை எடுத்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டின. தம்பி திருப்பித் தந்த கைமாற்றும் சீட்டுப் பணமும் கேக் பணமும் ஒரே யூபிஐ கணக்கில் விழும் வீட்டில், எது விற்பனை என்று பின்னால் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. பேமென்ட் எண்ணும் ஆர்டர் எண்ணும் ஒரே வரியில் இருக்கும் ஷீட் அங்கே பேசும். தொழிலுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'பணம் போயிடுச்சுக்கா, இதோ பாருங்க' என்று வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார், உங்களுக்கு வந்திருக்காது. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கணக்கிலிருந்து பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் நிற்பதை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் சுற்றறிக்கையிலேயே கணக்கில் எடுத்திருக்கிறது: ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆகவே உங்கள் ஷீட்டில் 'வந்தது', 'வரவில்லை' என்ற இரண்டு நிலை போதாது. 'காத்திருப்பு' என்று மூன்றாவதும் வேண்டும். அந்த நிலையில் இருக்கும் ஆர்டரைக் கருவி தொடக் கூடாது. நீங்களே பேசி முடிவெடுக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதையும் நான் கருவியிடம் விடமாட்டேன். ஒரு விரல் அழுத்தி ஒப்புதல் தரும் படியாவது நடுவில் இருக்கட்டும்.

இனி, நடக்காமல் போவது. இது இரட்டிப்பைவிட மோசமானது, ஏனெனில் சத்தமே வராது. கருவியை ஒரு ஊழியரின் ஜிமெயில் கணக்கோடு இணைத்திருந்தால், அவர் கடவுச்சொல்லை மாற்றியதும் மெயில் அனுப்பும் அனுமதி அறுந்துவிடும். என்-எய்ட்-என்னைச் சொந்தமாக நிறுவுபவர்கள், கூகுள் பக்கத்தில் தங்கள் இணைப்பைச் 'சோதனை' நிலையிலேயே விட்டுவிட்டால் அந்த அனுமதி 7 நாளில் காலாவதியாகும். ஞாயிறு கட்டியது அடுத்த ஞாயிறு நின்றுவிடும். வீட்டில் யாரோ ஷீட்டில் 'போன்' என்ற தலைப்பை 'மொபைல்' என்று மாற்றினாலும் போதும், தலைப்பை நம்பியிருந்த படி தடுமாறும். வாட்ஸ்அப் பிசினஸ் தளத்தில், வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் கடந்தால், முன்கூட்டி ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் செய்தி மட்டுமே போகும். சாதாரணச் செய்தி போகாது.

பிழை வந்தால் மெயில் அனுப்பு என்று அமைப்பது நல்லதுதான். ஆனால் கருவியே உறங்கிவிட்டால் மெயில் யார் அனுப்புவது? எனக்கு நம்பிக்கை உள்ள வழி இதற்கு நேர்மாறானது. தினமும் இரவு 9 மணிக்கு ஒரு தனி ஓட்டம், அன்றைக்கு ரேஸர்பேயில் வந்த பணத்தின் எண்ணிக்கையையும் தொகையையும் ஷீட்டில் உள்ளதோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் போனுக்கு ஒரு வரி அனுப்பட்டும். 'இன்று 14 ஆர்டர், இரண்டு பக்கமும் சரி' என்பதுபோல. ஒன்பதரை மணிக்கும் செய்தி வரவில்லை என்றால் அதுவே அபாய மணி. மறுநாள் அடுப்பு பற்றவைக்கும் முன் விஷயம் தெரிந்துவிடும்.

இவற்றை எல்லாம் நவம்பரிலேயே கட்டி, குறைந்தது இரண்டு வாரம் நோட்டுக் கணக்கோடு சேர்த்து ஓட்டுங்கள். அந்த நாட்களில் வேண்டுமென்றே தொல்லை கொடுங்கள். பழைய செய்தியை மறுபடி அனுப்பிப் பாருங்கள். ஷீட்டின் அனுமதியைப் பிடுங்கிப் பாருங்கள். போன் எண்ணில் இடைவெளி விட்டு, முன்னால் பூஜ்யம் போட்டு, +91 சேர்த்து என மூன்று விதமாக நிரப்புங்கள். பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுங்கள். நள்ளிரவு தாண்டி ஓர் ஆர்டர் போடுங்கள். எந்தக் கணக்கில் எது இணைந்திருக்கிறது, நின்றால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அதுவரை எந்த நோட்டில் எழுத வேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவரையே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதிய பிறகு ஃபார்ம் லிங்க்கை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பலாம்.