இறங்க முடியாத விமானம்

பஸ் பிரேக்டவுன் ஆனால் என்ன செய்வோம்? இறங்கி டீ குடிப்போம். விமானம் தரையிலேயே நின்றுபோனால்? இறங்கவே முடியாது! நான் விமானம் ஏறியதில்லை. ஆனாலும் இதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

14.2.2007, நியூயார்க் கென்னடி விமான நிலையம். பனிப்புயல். 'இப்போ சரியாயிடும்' என்று நம்பி, ஜெட்புளூ நிறுவனம் ஆட்களை ஏற்றி விமானங்களை வரிசையில் நிறுத்தியது. புயல் விடவில்லை. திரும்பலாமென்றால் நிலையத்தில் இடமில்லை. இழுவை வண்டிகளும் பனியில் உறைந்துவிட்டன. சிலர் 10 மணி நேரம் வரை உள்ளேயே கிடந்தார்கள்.

கதவைத் திறந்தால் என்ன? கதவு ஆளுயரத்துக்கும் மேலே. படிக்கட்டு வண்டி வரவேண்டும். திரும்பினாலோ வரிசையில் இடம் போச்சு. 'இன்னும் அரைமணி' என்றே பொழுது போய்விடும். பெரிய என்ஜின்களை நிறுத்தினாலும் வாலிலுள்ள சின்ன டர்பைன் மின்சாரமும் காற்றும் தரும். ஆனால் குடிநீருக்கும் கழிவறைத் தொட்டிக்கும் ஓர் அளவு உண்டே!

2006 டிசம்பரில் ஆஸ்டின் நகரில் இப்படிச் சிக்கிய கேட் ஹான்னி என்ற பெண்மணி சும்மா இருக்கவில்லை. பயணிகளைத் திரட்டிச் சங்கம் அமைத்துப் போராடினார். 2010 ஏப்ரலில் அமெரிக்காவில் விதி வந்தது. உள்நாட்டு விமானம் என்றால் 2 மணி நேரத்துக்குள் உணவு, தண்ணீர். 3 மணி நேரத்துக்குள் இறங்க வழி. பாதுகாப்புக் காரணம் போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. மீறினால் பயணி ஒருவருக்கு 27,500 டாலர் வரை அபராதம் என்றார்கள்.

மெஷின் ஓடுவதற்கு மட்டும் கணக்குப் போட்டால் போதாது தோழர்களே! அது நிற்கும்போது உள்ளே இருக்கும் மனுஷனுக்கும் கணக்குப் போடவேண்டும். அங்கே கதவைத் திறந்தது டர்பைன் அல்ல, ஒற்றுமை!

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்