செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க... நகத்தால ஒரு கீறல் போட்டுப் பாருங்க!

மொட்டை மாடிக்குப் போறீங்க. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் பச்சையா இருந்த மல்லிகைத் தொட்டியில இப்போ வெறும் குச்சிதான் நிக்குது. 'அவ்ளோதான், செத்துடுச்சு. நமக்கெல்லாம் கைராசியே இல்லை'ன்னு தொட்டியைக் கவிழ்க்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க!

குச்சியின் மேல்தோலைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக் கீறுங்கள். நுனி காய்ந்துபோய், அடிப்பகுதி மட்டும் பச்சையாக இருப்பது ரொம்ப சகஜம். காய்ந்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, மண் காயாமல் தண்ணீர் விட்டு வந்தால் சில வாரங்களில் துளிர் எட்டிப் பார்க்க வாய்ப்பு நிறைய இருக்கிறது.

இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் நான் இழந்தது ஒரு செம்பருத்தி. அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்.

நம்ம ஊர் வசந்தம் எப்போ வருது?

வசந்தம் என்றதும் இன்ஸ்டாவில் பார்த்த செர்ரி மரமும் டியூலிப் தோட்டமும்தான் நினைவுக்கு வருகிறதா? நமக்கும் ஒரு வசந்தம் இருக்கிறது பாஸ்! தமிழ் மரபு ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறது. அதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால், மரம் செடிகள் காலண்டர் பார்ப்பதில்லை. மாசி கடைசியிலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

உங்கள் தெருவையே கவனியுங்கள். வேப்பமரமும் புங்கமரமும் பழைய இலைகளைக் கொட்டுகின்றன. அடுத்த சில வாரங்களில் வேம்பில் செம்பு நிறத் தளிர், புங்கத்தில் பளபளவென இளம்பச்சை. பின்னாடியே வேப்பம்பூ. சித்திரை முதல் நாள் பச்சடியில் விழுவது இந்தப் பூதான். காலை ஐந்து மணிக்கே குயில் கூவி எழுப்பிவிடும்.

அதாவது நம்ம ஊர் வசந்தம் இலை உதிர்வதில்தான் ஆரம்பிக்கிறது. மரம் மொட்டையாக நின்றால் யாரும் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. தொட்டிச் செடி மொட்டையானால் மட்டும் உடனே குப்பைக்கு அனுப்பிவிடுகிறோம்!

நான் தூக்கிப் போட்ட செம்பருத்தி

சென்னைக்கு வேலைக்கு வந்தபோது, பாட்டி வீட்டிலிருந்து ஒரு செம்பருத்திக் குச்சியை ஈரத் துணியில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்தேன். வாடகை வீட்டு மாடியில் அது நன்றாகவே வளர்ந்தது. அடுத்த வருடம் மே மாதம் பத்து நாள் லீவில் ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஐந்து தொட்டியிலும் வெறும் குச்சி. நான்கைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டேன். ஐந்தாவது மல்லிகை. பெரிய சிமென்ட் தொட்டி, தூக்க முடியவில்லை. அதனால் மட்டும் அப்படியே விட்டேன்.

தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் புலம்பியபோது, "கீறிப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். நான் முழித்தேன். அப்புறம் மாடிக்குப் போய் மல்லிகையைக் கீறினேன். மண்ணுக்கு மேலே நாலு விரல் உயரம் வரை பச்சை! ஜூன் மாத மழைக்குத் துளிர்த்தது. அடுத்த பங்குனியில் ஒரு கைப்பிடி பூ கொடுத்தது.

செம்பருத்தியையும் கீறிப் பார்த்திருக்கலாம். ஊருக்குச் சொல்லி இன்னொரு குச்சி வாங்கலாம் என்றால், அதற்குள் பாட்டி வீட்டை விற்றுவிட்டார்கள். பாட்டியும் இப்போது இல்லை.

வெட்டினால்தான் பூக்கும்!

மல்லிகை புதுக்கிளையில்தான் மொட்டு வைக்கும். அதனால்தான் குண்டுமல்லி விவசாயிகள் நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரத்துக்குக் கவாத்து செய்கிறார்கள். மார்ச்சில் பூ வரத் தொடங்கும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் வாசனைக்குப் பின்னாலும் இந்தக் கத்தரிக்கோல் வேலை இருக்கிறது.

நவம்பரில் வெட்ட மறந்துவிட்டீர்களா? கவலை வேண்டாம். பூத்து முடிந்த ஒவ்வொரு கிளையின் நுனியையும் இரண்டு கணு அளவுக்குக் கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் புதுக்கிளை வரும், அதில் அடுத்த மொட்டு வரும். தினமும் ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் இருந்தால்தான் மல்லிகை நன்றாகப் பூக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இப்போ என்ன விதைக்கலாம்?

தக்காளியை இப்போது நட்டு ஏமாறாதீர்கள். வெயில் 35 டிகிரியைத் தாண்டும்போது, பூ வந்தாலும் பிஞ்சு பிடிக்காமல் உதிரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட் எல்லாம் குளிர்கால விருந்தாளிகள்.

முதல் முறை விதைப்பவர்களுக்கு வெண்டை பெஸ்ட். விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து விதைத்தால், ஒன்றரை மாதத்தில் மஞ்சள் இதழும் நடுவில் கருஞ்சிவப்புமாகப் பூத்து, அடுத்த சில நாளிலேயே காய் பறிக்கலாம். அதற்கும் பொறுமை இல்லையா? தண்டுக்கீரை போடுங்கள். 25 நாளில் பொரியல்!

பாகல், பீர்க்கு, புடலை விதைத்தவர்கள் ஒன்று கவனிக்கணும். முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. அது காய்க்காமல் உதிர்ந்தால் பதறாதீர்கள். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் பெண் பூ. உங்கள் மாடிக்குத் தேனீ வரவில்லை என்றால், ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பாகலுக்குக் காலையில், பீர்க்கு, புடலைக்குச் சாயங்காலம், பூ விரிந்திருக்கும்போது செய்யணும்.

கத்திரிக்கு முன்னாடி...

மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கும். அதைத் தாங்குமா என்பது நீங்கள் இப்போது செய்யும் வேலையில்தான் இருக்கிறது.

* தொட்டிகளை நேராகத் தளத்தில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். கான்கிரீட் சூடு வேரைத் தாக்காது.

* மண் மேல் காய்ந்த இலை, தேங்காய் நார் எதையாவது மூடாக்காகப் போடுங்கள். தெருவில் கொட்டிக்கிடக்கும் வேப்பஞ்சருகே போதும், செலவு பூஜ்ஜியம்.

* தண்ணீர் காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் மட்டும் ஊற்றுங்கள்.

* மாவுப்பூச்சி வெள்ளையாக ஒட்டியிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

* ஊருக்குப் போகிறீர்களா? தொட்டிகளை நிழலில் நெருக்கி வைத்து, உயரத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு தொட்டி மண்ணுக்கும் ஒரு தடித்த பருத்தித் திரியை இழுத்துவிட்டால், மெல்ல மெல்ல ஈரம் இறங்கும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிடுவதுதான் நல்லது.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. உங்களுக்குப் பிடித்த செடி, அதிலும் யாரோ ஒருவரின் ஞாபகமாக வைத்திருக்கும் செடி, உங்கள் மாடியில் மட்டும் இருக்க வேண்டாம். பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், நாலு கணு இருக்கிற மாதிரி குச்சி வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, நண்பர்களுக்குக் கொடுங்கள். நிழலில், ஈர மண்ணில் நட்டு வைத்தால் செம்பருத்தி சுலபமாக வேர் பிடிக்கும். உங்கள் செடி போனாலும், அங்கிருந்து ஒரு குச்சி திரும்பி வரும். பாட்டி வீட்டுச் செம்பருத்தியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. என் மல்லிகை இப்போது மூன்று வீடுகளில் இருக்கிறது.

சரி, போனை வெச்சுட்டு மாடிக்குப் போங்க. அந்தக் குச்சி இன்னும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு. கீறிப் பாருங்க!